பழைய விண்டோஸில் பிரவுசர் ப்ளக்-இன் ஏறவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளக்-இன் ஏறாவிட்டால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, அதே ஃபைலை மறுபடி டவுன்லோட் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான். பழைய கணினியில் இதனால் அநேகமாக ஒரு பலனும் இருக்காது. ஃபைல் கெட்டுப்போய் இன்ஸ்டால் நிற்பது அபூர்வம். விண்டோஸ் பதிப்பு, பிரவுசர் பதிப்பு, 32-பிட்டா 64-பிட்டா, டிஜிட்டல் கையொப்பம், கணினியின் தேதி, ப்ளக்-இன்னின் ஆயுள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று மற்றதோடு பொருந்தாமல் இருக்கும். எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சில சமயம், இனி இது ஓடவே ஓடாது என்பதுதான் விடையாக இருக்கும். அதையும் சீக்கிரம் தெரிந்துகொள்வது நல்லது.

ப்ளக்-இன், எக்ஸ்டென்ஷன் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ப்ளக்-இன் என்பது பிரவுசருக்கு வெளியே தனியாக எழுதப்பட்ட முழு நிரல். ஃப்ளாஷ் பிளேயர், ஜாவா, சில்வர்லைட், கேமரா டிவிஆரின் (கண்காணிப்புக் கேமராவின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) வீடியோ ப்ளக்-இன் எல்லாம் இந்த வகை. இவை விண்டோஸில் இன்ஸ்டால் ஆகி டிஎல்எல் அல்லது ஓசிஎக்ஸ் என்ற நிரல் ஃபைலாக உட்கார்ந்துகொள்ளும், பிரவுசர் தேவைப்படும்போது கூப்பிடும். எக்ஸ்டென்ஷன் பிரவுசருக்குள்ளேயே ஓடுவது. விளம்பரத் தடுப்பான், பாஸ்வேர்டு சேமிப்பான் போன்றவை அந்த வகை. ஃபயர்பாக்ஸில் இதை ஆட்-ஆன் என்பார்கள்.

ப்ளக்-இன்களிலும் இரண்டு முக்கியக் குடும்பங்கள் உண்டு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஆக்டிவ்எக்ஸ். ஃபயர்பாக்ஸ், பழைய குரோம், சஃபாரி ஆகியவற்றுக்கு என்பிஏபிஐ. இந்தப் பெயரின் முதல் எழுத்து நெட்ஸ்கேப்பைக் குறிக்கிறது, 1990-களின் சரக்கு அது. ஒரு குடும்பத்துக்கு எழுதியதை இன்னொன்று திரும்பிக்கூடப் பார்க்காது.

இன்றைய குரோமில் என் ப்ளக்-இன்னை எப்படியாவது ஓட வைக்க முடியுமா?

முடியாது. அமைப்புகளில் எதையாவது மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். குரோம் 2015 ஏப்ரலில் 42-ஆம் பதிப்பில் என்பிஏபிஐ-யை இயல்பாகவே அணைத்து வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், 45-ஆம் பதிப்பில், அடியோடு எடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் 52-ஆம் பதிப்போடு ஃப்ளாஷைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியது. ஃப்ளாஷும் 2021 ஜனவரியில் ஃபயர்பாக்ஸ் 85-லும் குரோம் 88-லும் போய்விட்டது.

இதில் ஒரு விலக்கு உண்டு, பழைய கணினிக்காரர்களுக்கு அதுதான் கைகொடுப்பது. ஃபயர்பாக்ஸ் 52-இன் இஎஸ்ஆர் பதிப்பு, அதாவது நிறுவனங்களுக்காக நீண்டகால ஆதரவோடு வந்தது, ஜாவா உள்ளிட்ட எல்லா என்பிஏபிஐ ப்ளக்-இன்களையும் ஏற்றது. 2018 ஜூனில் வந்த 52.9-தான் அந்த வரிசையில் கடைசி. என்பிஏபிஐ வேண்டுமென்றால் தேட வேண்டியது இதை.

என் கணினியில் ஏறக்கூடிய கடைசிப் பிரவுசர் எது?

விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா இரண்டுக்கும் குரோம் 49, ஃபயர்பாக்ஸ் 52.9 இஎஸ்ஆர். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்றால் எக்ஸ்பியில் 8, விஸ்டாவில் 9. விண்டோஸ் 7, 8, 8.1-க்கு குரோம் 109, எட்ஜ் 109, ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர். விண்டோஸ் 7-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 ஏறும்.

இதற்கு மேல் எந்தப் பதிப்பைக் கொடுத்தாலும் இன்ஸ்டாலர் திறக்காது, அல்லது திறந்து ஒரு பிழையைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்தது, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன்.

டபுள் கிளிக் செய்தால் 'நாட் எ வேலிட் வின்32 அப்ளிகேஷன்' என்கிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெட்டிருக்கலாம், ஆனால் அது மூன்று காரணங்களில் ஒன்றுதான். டவுன்லோட் பாதியில் அறுந்திருந்தால் ஃபைலின் அளவு தளத்தில் சொன்னதைவிடக் குறைவாக இருக்கும். அதை ஒரு பார்வையில் சரிபார்த்துவிடலாம். இரண்டாவது, 64-பிட் ஃபைலை 32-பிட் விண்டோஸில் திறப்பது. மூன்றாவதுதான் எக்ஸ்பியில் அதிகம் நடப்பது: ஃபைல் நல்ல ஃபைல், 32-பிட்தான், ஆனாலும் திறக்காது. ஒவ்வொரு எக்ஸ்இ ஃபைலின் தலைப்பகுதியிலும் 'குறைந்தது விண்டோஸின் இந்தப் பதிப்பு வேண்டும்' என்று ஓர் எண் எழுதியிருக்கும். விசுவல் ஸ்டுடியோ 2012 முதல் அந்த எண் இயல்பாக 6.0, அதாவது விஸ்டா. எக்ஸ்பியின் எண் 5.1. எண்ணைப் பார்த்ததுமே எக்ஸ்பி கையை விரித்துவிடும், காரணத்தைச் சரியாகச் சொல்லவும் தெரியாது.

இதே ரகம்தான் 'புரொசீஜர் என்ட்ரி பாயின்ட் குட் நாட் பி லொக்கேட்டட்' என்ற பிழையும். இன்ஸ்டாலர் கூப்பிடும் ஒரு செயல்பாடு உங்கள் விண்டோஸின் டிஎல்எல்-இல் இல்லை என்று அர்த்தம். ஜாவா 8 வந்த புதிதில் எக்ஸ்பியில் அதை இன்ஸ்டால் செய்தவர்கள் அட்வாபிஐ32 என்ற டிஎல்எல்-இன் பெயரோடு இதைப் பார்த்திருப்பார்கள். அந்த டிஎல்எல்-ஐ மட்டும் இணையத்தில் தேடி எடுத்துப் போடச் சொல்லும் 'டிப்ஸ்' ஏராளம். தயவுசெய்து செய்யாதீர்கள். அது விண்டோஸின் உயிர்நாடி ஃபைல், மாற்றினால் கணினியே எழாமல் போகலாம். அந்த மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடுவதுதான் வழி.

சின்ன இன்ஸ்டாலர் ஒன்று டவுன்லோட் ஆனது. அதைத் திறந்தால் 'கனெக்ட் ஆக முடியவில்லை' என்கிறது. இணையம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஓரிரு எம்பி மட்டுமே இருக்கும் இன்ஸ்டாலர் உண்மையில் இன்ஸ்டாலர் இல்லை. முழு மென்பொருளைச் சர்வரிலிருந்து இழுத்து வரும் ஓர் ஏஜென்ட். அது இணையத்துக்குப் போக விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு அடுக்கைப் பயன்படுத்தும். எக்ஸ்பியில் அந்த அடுக்குக்கு டிஎல்எஸ் என்ற குறியாக்க முறையில் 1.0-க்கு மேல் தெரியாது. இன்றைய சர்வர்கள் 1.2-க்குக் கீழே பேசுவதில்லை. விண்டோஸ் 7-இல் 1.2 இருக்கிறது, ஆனால் எல்லா நிரலுக்கும் இயல்பாக இயக்கப்பட்டிருக்கவில்லை. கேபி 3140245 என்ற அப்டேட்டும் அதோடு ஒரு ரெஜிஸ்ட்ரி மாற்றமும் தேவைப்படும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 முதல் 10 வரை வைத்திருப்பவர்கள் இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் தாவலுக்குப் போய் டிஎல்எஸ் 1.2-க்கு டிக் போட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவு சுற்றுவதைவிட எளிது, 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்று பெயரிட்ட பெரிய ஃபைலை வேறொரு கணினியில் டவுன்லோட் செய்து பென் டிரைவில் கொண்டுவருவது. எக்ஸ்பியில் எனக்குத் தெரிந்து நம்பகமான வழி இதுதான்.

எக்ஸ்பியில் ஒரு தளம் எக்ஸ்ப்ளோரரில் திறக்காமல் ஃபயர்பாக்ஸில் திறப்பதற்கும் இதுவே காரணம். ஃபயர்பாக்ஸ் தன் பாதுகாப்பு அடுக்கையும், தளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் பட்டியலையும் தானே சுமந்து வருகிறது, விண்டோஸை நம்பி இருப்பதில்லை.

எந்தத் தளத்துக்குப் போனாலும் சான்றிதழ் பிழை வருகிறது.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பத்து வருடம் ஓடிய கணினியில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அந்தத் தேதியில் எந்தத் தளத்தின் சான்றிதழும் இன்னும் பிறந்திருக்காது, எனவே எல்லாமே செல்லாது. ப்ளக்-இன்னின் கையொப்பமும் அதே கதிதான். எலக்ட்ரிக்கல் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்த பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்களில் மட்டும் பிழை வந்தால், வேர்ச் சான்றிதழ், அதாவது மற்ற சான்றிதழ்களை உறுதிசெய்யும் மூலச் சான்றிதழ், பழையதாக இருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழை வைத்திருக்கும் தளங்கள் மிக அதிகம். அவை முன்பு சார்ந்திருந்த 'டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3' என்ற வேர் 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியானது. அதற்குப் பிறகான வேர் உங்கள் விண்டோஸில் இல்லையென்றால் குரோம் 49-உம் எக்ஸ்ப்ளோரரும் தடுமாறும். ஃபயர்பாக்ஸ் 52-க்கு இந்தப் பிரச்சினை இல்லை, புதிய வேர் அதிலேயே இருக்கிறது.

'பப்ளிஷர் தெரியவில்லை' என்று தடுக்கிறது. பெரிய கம்பெனியின் ஃபைல்தான்.

இன்றைய ஃபைல்கள் ஷா-2 முறையில் கையொப்பமிடப்படுகின்றன. அப்டேட் செய்யாத விண்டோஸ் 7-க்கு அந்தக் கையொப்பத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாது. கேபி 4474419 என்ற அப்டேட்டைப் போட்டால் படிக்கும். எக்ஸ்பி என்றால் குறைந்தது சர்வீஸ் பேக் 3 வேண்டும். சர்வீஸ் பேக் 2-க்கு ஷா-2 சான்றிதழ்கள் அறவே புரியாது.

எச்சரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு 'ரன்' கொடுத்துத் தாண்டுவதற்கு முன், அதே ஃபைலைப் புதிய கணினி ஒன்றில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் தாவலைப் பாருங்கள். அங்கே கம்பெனியின் பெயர் சரியாகத் தெரிந்தால் உங்கள் விண்டோஸின் வயசுதான் பிரச்சினை. அங்கேயும் பெயர் இல்லையென்றால் அந்த ஃபைலைத் தொடாதீர்கள்.

'இன்ஸ்டாலேஷன் கம்ப்ளீட்' என்றது. ஆனால் பிரவுசரைத் திறந்தால் ப்ளக்-இன்னைக் காணோம்.

மிக அதிகம் வரும் கேள்வி இது. காரணம் ஒன்றல்ல.

முதல் சந்தேகம் பிட் கணக்கில். 64-பிட் விண்டோஸில் 32-பிட் பிரவுசர் ஓடலாம், அப்போது ப்ளக்-இன்னும் 32-பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸ் எத்தனை பிட் என்பதை இங்கே பார்க்கக் கூடாது, பிரவுசர் எத்தனை பிட் என்றுதான் பார்க்க வேண்டும். 64-பிட் விண்டோஸ் வைத்திருப்பவர் ஆசையாக 64-பிட் ஜாவாவை இன்ஸ்டால் செய்துவிட்டு, 32-பிட் ஃபயர்பாக்ஸில் அதைத் தேடிக்கொண்டிருப்பார். 64-பிட் ஃபயர்பாக்ஸை மாற்றிப் போடலாமே என்றால் அதுவும் உதவாது. ஃபயர்பாக்ஸின் 64-பிட் பதிப்பு ஜாவாவை ஏற்றதில்லை. ஜாவாவுக்கு ஃபயர்பாக்ஸும் 32-பிட், ஜாவாவும் 32-பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எத்தனை பிட் என்று தெரியாவிட்டால், விண்டோஸ் 7-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ப்ராசஸ் பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரமும் 32-உம் இருந்தால் 32-பிட்.

இரண்டாவது, குடும்பம் மாறிப்போவது. ஃப்ளாஷுக்கு மட்டும் மூன்று இன்ஸ்டாலர்கள் இருந்தன: எக்ஸ்ப்ளோரருக்கு ஆக்டிவ்எக்ஸ், ஃபயர்பாக்ஸுக்கு என்பிஏபிஐ, ஓப்பெரா போன்ற குரோமியம் வகைக்கு பிபிஏபிஐ. ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றில் தேடினால் கிடைக்காது. விண்டோஸ் 8 முதல் எக்ஸ்ப்ளோரருக்கான ஃப்ளாஷ் விண்டோஸோடு சேர்ந்தே வந்ததால் ஆக்டிவ்எக்ஸ் இன்ஸ்டாலர் அங்கே ஏறவே ஏறாது.

மூன்றாவது, ஜாவாவில் ஒரு டிக். கண்ட்ரோல் பேனலில் ஜாவாவைத் திறந்து செக்யூரிட்டி தாவலில் 'எனேபிள் ஜாவா கன்டென்ட் இன் தி பிரவுசர்' என்பதைப் பாருங்கள். அந்த டிக் இல்லாவிட்டால் ஜாவா கணினியில் இருக்கும், பிரவுசரில் இருக்காது. ஜாவாவின் பதிப்பையும் கவனியுங்கள். 11-ஆம் பதிப்பிலிருந்து பிரவுசர் ப்ளக்-இன்னே கிடையாது. ப்ளக்-இன்னுக்காக என்றால் 8-தான்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இன்ஸ்டால் செய்யும்போது பிரவுசர் திறந்திருந்தால் முழுவதும் மூடி, டாஸ்க் மேனேஜரில் அதன் ப்ராசஸ் இல்லை என்று பார்த்துவிட்டுத் திறங்கள்.

ஃப்ளாஷ் சரியாக ஏறிவிட்டது. ஆனால் படத்தின் இடத்தில் ஒரு வட்டத்துக்குள் 'ஐ' எழுத்து மட்டும் தெரிகிறது.

அது ஃப்ளாஷின் கல்லறைக் கல். அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்து, 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷை முடித்துக்கொண்டது. கடைசிக் காலத்துப் பதிப்புகளுக்குள்ளேயே 2021 ஜனவரி 12-க்குப் பிறகு எதையும் ஓட்டக் கூடாது என்ற கட்டளை வைக்கப்பட்டிருந்தது. அந்த எழுத்தை அமுக்கினால் அடோபியின் அறிவிப்புப் பக்கத்துக்குப் போகும். சீனாவின் டாலியன் நகர ரயில்வே பணிமனை ஒன்றில் அன்றைக்கு அலுவலகக் கணினிகள் முடங்கி, பழைய ஃப்ளாஷ் பதிப்பைத் தேடிப் போட்டுத்தான் எழுப்பினார்கள். தென்னாப்பிரிக்க வருமானவரித் துறை இன்னும் ஒரு படி மேலே போனது. தன் படிவங்கள் ஃப்ளாஷில் இருந்ததால், அவற்றைத் திறப்பதற்கென்றே ஒரு பிரவுசரை 2021 ஜனவரியில் வெளியிட்டது.

வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் மட்டும் இருக்கும் ஒரு ஃப்ளாஷ் பக்கத்தை ஓட்ட வேண்டுமென்றால் நேர்மையான வழி ஒன்று உண்டு. நிறுவனங்களுக்காக அடோபியே வைத்த வழி அது. ஃப்ளாஷ் ஃபோல்டரில் எம்எம்எஸ் என்ற பெயரும் சிஎஃப்ஜி என்ற பின்னொட்டும் கொண்ட ஓர் எழுத்துக் கோப்பு இருக்கும், இல்லையென்றால் உருவாக்கலாம். அதில் 'எனேபிள் அலவ்லிஸ்ட்' மதிப்பை 1 ஆக்கி, அடுத்த வரியில் அனுமதிக்க வேண்டிய முகவரியைத் தர வேண்டும். 32-பிட் விண்டோஸில் அந்த ஃபோல்டர் சிஸ்டம்32-க்குள் மேக்ரோமெட் என்பதற்குள் இருக்கும். 64-பிட் விண்டோஸில் 32-பிட் பிரவுசருக்கானது சிஸ்வாவ்64-க்குள் இருக்கும். சிஸ்டம்32 என்ற பெயரில் 64-பிட் ஃபைல்களும், 64 என்று முடியும் ஃபோல்டரில் 32-பிட் ஃபைல்களும் இருப்பது விண்டோஸின் பழைய வேடிக்கை. கோப்பைத் தவறான ஃபோல்டரில் வைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் அதனால்தான் அதிகம்.

இணையத்தில் 'புது ஃப்ளாஷ்' என்று கிடைப்பதைத் தொடாதீர்கள். சீனாவுக்காகத் தனியாகத் தொடர்ந்த பதிப்பு ஒன்று விளம்பரச் சாளரங்களை அள்ளிக் கொட்டுவதாகப் பெயர் எடுத்தது.

ஜாவா 'அப்ளிகேஷன் பிளாக்ட் பை செக்யூரிட்டி செட்டிங்ஸ்' என்கிறது.

2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51 முதல், சரியான கையொப்பம் இல்லாத ஆப்லெட்டுகளை (வலைப்பக்கத்துக்குள் ஓடும் ஜாவா நிரல்கள்) ஜாவா தடுக்கிறது. பழைய சுவிட்ச், ரௌட்டர், சர்வர் நிர்வாகப் பக்கங்கள் பலவும் இப்படித்தான் மாட்டிக்கொண்டன. ஜாவா கண்ட்ரோல் பேனலில் செக்யூரிட்டி தாவலில் 'எடிட் சைட் லிஸ்ட்' இருக்கிறது. அதில் முகவரியை எச்டிடிபி-யோடு, போர்ட் எண் இருந்தால் அதையும் சேர்த்து, முழுதாகக் கொடுங்கள். வெறும் ஐபி எண்ணை மட்டும் கொடுத்தால் ஏற்காது.

அதற்கும் மசியாவிட்டால் ஆப்லெட்டின் கையொப்பம் எம்டி5 என்ற பழைய முறையில் இருக்கலாம். 2017 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து அதைக் கையொப்பமே இல்லாததாகக் கணக்கிடுகிறார்கள். அப்போது ஜாவாவின் இன்னும் பழைய அப்டேட்தான் ஒரே வழி, அதை இணையத்தோடு சேர்க்காத கணினியில் மட்டும் வையுங்கள். 'உங்கள் ஜாவா பழையது' என்ற தொல்லை ஒவ்வொரு தடவையும் வரும். 'லேட்டர்' கொடுத்துத் தொடரலாம்.

கடையில் இருக்கும் கேமரா டிவிஆர் பக்கத்தைத் திறந்தால் 'ப்ளக்-இன் இன்ஸ்டால் செய்யவும்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. செய்தாலும் கேட்கிறது.

பழைய டிவிஆர்களின் ப்ளக்-இன் பெரும்பாலும் ஆக்டிவ்எக்ஸ். குரோமில் திறந்தாலும் அந்தப் பக்கம் அப்பாவியாக எக்ஸ்இ ஃபைலை நீட்டும், நீங்களும் இன்ஸ்டால் செய்வீர்கள், ஆனால் குரோமுக்கு அது கண்ணிலேயே படாது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. எக்ஸ்ப்ளோரரில் திறக்க வேண்டும்.

எக்ஸ்ப்ளோரரிலும் அதே கதை என்றால் இந்த வரிசையில் போங்கள். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் செக்யூரிட்டி தாவல், அதில் டிரஸ்டட் சைட்ஸ். டிவிஆரின் முகவரியைச் சேர்க்கும் முன், கீழே எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று இருக்கும் டிக்கை எடுங்கள், இல்லையென்றால் சாதாரண முகவரியைச் சேர்க்க விடாது. பிறகு அந்த மண்டலத்துக்கு மட்டும் கஸ்டம் லெவலைத் திறந்து, ஆக்டிவ்எக்ஸ் டவுன்லோடு தொடர்பான வரிகளை 'பிராம்ப்ட்' ஆக்குங்கள். 'இன்டர்நெட்' மண்டலத்தில் இதைச் செய்யாதீர்கள். கேமராக்காரர்கள் பலர் அவசரத்தில் எல்லா மண்டலத்தையும் திறந்து போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்தக் கணினியில் அப்புறம் என்ன வந்து ஏறினாலும் கேட்பாரில்லை. எக்ஸ்ப்ளோரர் 9 முதல் டூல்ஸ் மெனுவில் 'ஆக்டிவ்எக்ஸ் ஃபில்டரிங்' என்று ஒன்று இருக்கிறது, அதில் டிக் இருந்தால் எடுங்கள். எக்ஸ்ப்ளோரரை ஒரே ஒரு தடவை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறந்து ப்ளக்-இன்னை ஏற்றுங்கள், பிறகு சாதாரணமாகத் திறக்கலாம். படம் வராமல் பக்கம் மட்டும் குளறுபடியாகத் தெரிந்தால் கம்பேட்டிபிலிட்டி வியூ பட்டியலில் முகவரியைச் சேருங்கள்.

விண்டோஸ் 10-இல் எக்ஸ்ப்ளோரர் 11-இன் ஆதரவு 2022 ஜூனில் முடிந்து, 2023 பிப்ரவரியில் எட்ஜ் அதை மூடியே விட்டது. அங்கே எட்ஜ் அமைப்புகளில் 'டீஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போய் ஐஇ மோடை (எட்ஜுக்குள்ளேயே பக்கத்தை எக்ஸ்ப்ளோரர் போல ஓட்டும் முறை) அனுமதித்து, டிவிஆர் முகவரியைச் சேருங்கள். அந்த அனுமதி 30 நாளில் தானாகக் காலாவதியாகும். 'போன மாதம் வேலை செய்தது, இப்போது இல்லை' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மறுபடி சேர்த்தால் போதும்.

ஓசிஎக்ஸ் ஃபைலைக் கையால் ரெஜிஸ்டர் செய்தால் 0x80004005 என்று பிழை.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவில்லை. விஸ்டா முதல், அட்மின் கணக்கில் உள்ளே இருந்தாலும் இது தனியாகத் தேவை. 64-பிட் விண்டோஸில் 32-பிட் ஓசிஎக்ஸ் என்றால் ரெஜிஸ்டர் செய்யும் நிரலான ரெக்எஸ்விஆர்32-ஐ சிஸ்வாவ்64-க்குள் இருந்து எடுத்துப் பயன்படுத்துங்கள்.

சில்வர்லைட்?

மைக்ரோசாஃப்டின் இந்த ப்ளக்-இன்னுக்கு 2021 அக்டோபர் 12-உடன் ஆதரவு முடிந்தது. ஏற்கெனவே இன்ஸ்டாலர் கையில் இருந்தால் எக்ஸ்ப்ளோரர் 11-இல் ஓடும், எட்ஜின் ஐஇ மோடிலும் ஓடும்.

ஃபயர்பாக்ஸில் இருந்த ஆட்-ஆன்கள் எல்லாம் ஒரே நாளில் அணைந்துவிட்டன. வைரஸா?

இல்லை, சான்றிதழ். ஆட்-ஆன்களுக்கு மொசில்லா போடும் கையொப்பத்துக்கும் காலாவதி உண்டு. 2019 மே 4 அன்று இடையிலிருந்த ஒரு சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸ் ஆட்-ஆன்கள் ஒரே சமயத்தில் படுத்தன. அவசரமாக 66.0.4 வெளியிட்டுச் சரிசெய்தார்கள். 2025 மார்ச் 14 அன்று வேர்ச் சான்றிதழே காலாவதியானது. ஃபயர்பாக்ஸ் 128-க்கோ, இஎஸ்ஆர் என்றால் 115.13-க்கோ முந்தைய பதிப்புகள் இதில் மாட்டிக்கொண்டன. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் 115 இஎஸ்ஆரின் கடைசி அப்டேட்டைப் போட்டால் தீர்ந்தது.

எக்ஸ்பியில் 52.9-ஐத் தாண்ட முடியாது. ஆனால் அது இஎஸ்ஆர் என்பதால் ஒரு கதவு திறந்திருக்கிறது. முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் பக்கத்தைத் திறந்து, 'எக்ஸ்பிஇன்ஸ்டால்.சிக்னேச்சர்ஸ்.ரிக்வயர்டு' என்ற வரியை இருமுறை கிளிக் செய்து 'ஃபால்ஸ்' ஆக்கினால் கையொப்பச் சோதனை நின்றுவிடும். சாதாரண ஃபயர்பாக்ஸில் இது பலிக்காது. சோதனை நின்ற பிறகு எந்த ஆட்-ஆனும் ஏறும் என்பதால், தெரிந்த ஒன்றிரண்டைத் தவிர வேறெதையும் ஏற்றாதீர்கள்.

2017 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 57 பழைய முறை ஆட்-ஆன்களை மொத்தமாகக் கைவிட்டது தனிக் கதை. எழுத்துரு மாற்றிகள் போன்ற பல நல்ல ஆட்-ஆன்கள் அதோடு போயின. அவற்றை விடமுடியாதவர்கள் இன்னும் 52-லேயே இருக்கிறார்கள்.

குரோம் வெப் ஸ்டோரில் 'ஆட்' பொத்தான் வேலை செய்யவில்லை.

ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தனக்குத் தேவையான குறைந்தபட்சக் குரோம் பதிப்பைக் குறிப்பிடலாம். 109-இல் இன்னும் பல ஏறும், நாளுக்கு நாள் குறையும். 49-க்கு ஸ்டோரை மறந்துவிடுங்கள். அங்கே இருக்கும் ஃபைல்களின் வடிவமே மாறிவிட்டது, அது 49-க்குப் புரியாது. பழைய பதிப்பின் மூலநிரல் ஃபோல்டராகக் கிடைத்தால், எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோடை இயக்கி 'லோட் அன்பேக்ட்' மூலம் ஏற்றலாம்.

பழைய மேக் வைத்திருக்கிறேன். இதெல்லாம் பொருந்துமா?

ஆண்டுகள்தான் வேறு. சஃபாரி 12 ஃப்ளாஷைத் தவிர மற்ற ப்ளக்-இன்களை நிறுத்தியது, சஃபாரி 14 ஃப்ளாஷையும் நிறுத்தியது. மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6 முதல் 10.8 வரை குரோம் 49, ஃபயர்பாக்ஸ் 45 இஎஸ்ஆர். 10.9 முதல் 10.11 வரை ஃபயர்பாக்ஸ் 78 இஎஸ்ஆர். ஆக்டிவ்எக்ஸ் மேக்கில் ஓடாது.

இப்படி ஒரு கணினியை வைத்துக்கொள்வது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். ப்ளக்-இன் வழியாகத்தான் ஒரு காலத்தில் வைரஸ்கள் அதிகம் நுழைந்தன, பிரவுசர்கள் அவற்றைத் துரத்தியதற்கு முக்கியக் காரணமும் அதுவே. ஆகவே அந்தப் பழைய பிரவுசரை ஒரே வேலைக்கு வையுங்கள்: டிவிஆர் என்றால் டிவிஆர் மட்டும். அதிலேயே வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் திறக்காதீர்கள். முடிந்தால் ரௌட்டரில் அந்தக் கணினிக்கு வெளி இணையத்தைத் துண்டித்து, உள் நெட்வொர்க்கை மட்டும் விடுங்கள். கொஞ்சம் நல்ல கணினி இருந்தால் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் பழைய விண்டோஸை ஏற்றி, ப்ளக்-இன் சரியாக ஓடும் நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். கெட்டுப்போனால் ஒரு கிளிக்கில் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ப்ளக்-இன் இல்லாமலே வேலையை முடிக்க வழி உண்டா?

பல சமயம் உண்டு, இதை முதலிலேயே யோசிப்பது நல்லது. பழைய ஃப்ளாஷ் விளையாட்டு, குழந்தைகளின் பாட சிடி என்றால் ரஃபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்கைவ் தன் ஃப்ளாஷ் தொகுப்பை 2020 முதல் அதைக் கொண்டுதான் ஓட்டுகிறது. ஃப்ளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-இல் எழுதியவை நன்றாக ஓடும், 3-இல் எழுதியவற்றில் சில இடறும். எஸ்டபிள்யூஎஃப் என்ற ஃப்ளாஷ் ஃபைல் உங்கள் கையிலேயே இருந்தால் அடோபியின் தனி 'புரொஜெக்டர்' நிரலில் நேரடியாகத் திறக்கலாம், பிரவுசரே வேண்டாம். ஜாவா ஆப்லெட்டுகளுக்கு சீர்ப்ஜே இருக்கிறது. இன்றைய பிரவுசரில் ப்ளக்-இன் இல்லாமல் ஓட்டும், ஆனால் அதற்குப் புதிய பிரவுசர் வேண்டும், எக்ஸ்பிக்கு உதவாது.

டிவிஆர் என்றால் பெரும்பாலானவை ஆர்டிஎஸ்பி என்ற நேரலை முறையில் வீடியோவைத் தருகின்றன. விஎல்சி பிளேயரில் மீடியா மெனு, ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம் போய் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுத்தால் நேரலை வந்துவிடும். போர்ட் வழக்கமாக 554. முகவரியின் பின்பகுதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிவிஆரின் கையேட்டில் இருக்கும். பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க மட்டும் கம்பெனியின் டெஸ்க்டாப் மென்பொருளோ டிவிஆரில் நேரடியாக மாட்டிய மானிட்டரோ தேவைப்படும்.